பதினாறில்தான் அனுப்புவேன்

அன்புள்ள பாப்பா,

போன வாரம் தொலைபேசியில் நீ சொன்ன எல்லாவற்றுக்கும் நான் "சரிம்மா" என்றேன். அந்தச் சரிகள் அத்தனையையும் இந்தக் கடிதத்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு நேரில் மறுத்துப் பேச வராது. தொலைபேசியில் இன்னும் வராது. காகிதத்தில்தான் கொஞ்சம் முதுகு நிமிர்கிறது. சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். நடுவில் பயந்து பின்வாங்கினேன் என்றால் இந்த வரிசையைக் காட்டி என்னைப் பிடித்து நிறுத்து.

1. மோர்ஸ் போட்டியில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் கேட்கிறவர், அனுப்புகிறவர் அல்ல.
2. நீ குறித்திருக்கும் இருபத்தெட்டு நம் வீட்டு நிலையத்துக்கு எல்லா நேரமும் பொருந்தாது.
3. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மெதுவானவர்களுடையது. அந்த நேரத்து நாற்காலி எனக்கு வேண்டும்.
4. என் கை நடுங்குகிறது என்பது உண்மை. என்னை எழுப்பிவிட அது காரணம் ஆகாது.
5. வேகத்துக்குப் பழகிய கை மறுபடி மெதுவாகாது. உன்னைப் பற்றிய என் கவலை இது.

இந்தக் கடிதத்தை உன் அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போடுவேன். ஆகையால் உனக்கு நன்றாகத் தெரிந்ததையும் அவளுக்காக நான்கு வரி சொல்ல வேண்டியிருக்கிறது; பொறுத்துக்கொள். நம்மைப் போல வீட்டில் வானொலி நிலையம் வைத்துக்கொள்ள உரிமம் வாங்கியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஒரு சனி ஞாயிறு முழுக்க அவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து, குட்டை ஒலியும் நெட்டை ஒலியுமாக மோர்ஸில் ஒருவரை ஒருவர் அழைக்கும் போட்டி இது. அழைப்புக்குப் பதில் வந்தால் இருவரும் தங்கள் அடையாளக்குறியையும் ஓர் எண்ணையும் பரிமாறிக்கொள்ள வேண்டும். இரண்டும் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தால் புள்ளி. அதிகம் பேரைப் பிடித்தவர் முன்னால் நிற்பார். கையால் தட்டி அனுப்பும் கருவிக்குக் கீ என்று பெயர்; கணினி வழியாகவும் அனுப்பலாம். அனுப்பும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று சொல்வோம். நீ இருபத்தெட்டில் அனுப்புகிறவள். நான் பதினாறு. நமக்குள் இருக்கிற தகராறு இவ்வளவுதான்.

இந்த வருடம் உன் நண்பர்கள் மூன்று பேரையும் பெங்களூரிலிருந்து கூட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்கே வந்து, நம் வீட்டு மாடியிலிருந்து போட்டியில் இறங்கப்போகிறாய் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கே மின்சார இரைச்சலில் ஒன்றும் காதில் விழுவதில்லை, நம் ஊரில்தான் வானம் சுத்தமாகக் கேட்கிறது என்று நீ சொன்னதை உன் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லித் திட்டு வாங்கினேன். பிறகு நீ அனுப்பிய கால அட்டவணையை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, அந்தக் கடைப் படியிலேயே நின்று படித்தேன். இரண்டு நாளையும் கட்டம் கட்டமாகப் பிரித்து உங்கள் நால்வர் பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தாய். மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி: எல்லா நேரமும் இருபத்தெட்டு, கணினி வழியாக மட்டும். என் பெயரைத் தேடிக்கொண்டே கட்டம் கட்டமாகக் கீழே இறங்கினேன். கடைசிக் கட்டத்துக்கும் அடியில் இருந்தது. 'அப்பா: டீ, பேட்டரி, ஆண்டெனா கயிறு.'

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள். "என்னாங்க, பாப்பா உங்களுக்கு என்னா வேல குடுத்துருக்குது?"

"டீ போடற வேல."

"அதையும் நான்தான போடப்போறேன்? அப்ப உங்களுக்கு ஒண்ணுமே குடுக்கலன்னு சொல்லுங்க."

அன்று மாலை நீ கூப்பிட்டாய். "அட்டவண ஓகேவாப்பா?" என்றாய். "சரிம்மா" என்றேன். "கீயில நீங்க உக்கார வேணாம்ப்பா. கை நடுங்குது. போன வருஷமே நீங்க அனுப்புனது எனக்கே சரியா வெளங்கல. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாய். "சரிம்மா" என்றேன். "இது போட்டிப்பா, தேர் இழுக்கறது இல்ல" என்று சிரித்தாய். அதற்கும் ஒரு "சரிம்மா". என் சுபாவம் உனக்குத் தெரியும். நல்லூருக்கு டிக்கெட் கேட்டு, கண்டக்டர் மங்களூருக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டால், இந்த மனுஷன் மங்களூர் வரைக்கும் போய் இறங்கிவிட்டுத்தான் வருவார் என்று உன் அம்மா சொல்வது முழுக்கப் பொய்யில்லை. பீங்கான் தொழிற்சாலையில் சூளைகளையும் சோதனைக்கூடத்தையும் பார்த்துக்கொண்ட காலம் முழுவதும் குரலை உயர்த்தாமலே இருந்து ஓய்வு பெற்றேன். அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் இந்த நாற்காலி விஷயத்தில் நான் மங்களூரில் இறங்கப்போவதில்லை.

வேகத்தைப் பற்றி நீ பேசும்போதெல்லாம் உன் பக்கத்திலிருந்தே பேசுகிறாய். உன் கணினி எவ்வளவு அனுப்பும், உன் காது எவ்வளவு வாங்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை முடிக்கலாம் என்று. எதிர்முனையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பாப்பா. உன் ஒலி அவர் காதில் விழுந்து எழுத்தாகி அவருடைய பென்சிலில் இறங்கினால்தான் உனக்குப் புள்ளி. அவருக்கு விளங்கவில்லை என்றால் நீ இருபத்தெட்டில் அனுப்பியது காற்றோடு போயிற்று. அவர் மறுபடி கேட்டு, நீ சொல்லி, அவர் தப்பாக எழுதி, நீ திருத்தி, இப்படி நீ போய்வருவதற்குள் நான் பதினாறில் ஒரே தடவையில் முடித்துவிட்டு அடுத்தவரை அழைத்திருப்பேன். ஒருவர் எந்த வேகத்தில் நம்மைக் கூப்பிடுகிறாரோ, அவருடைய காது தாங்கும் வேகமும் அதுதான் என்று வைத்துக்கொள். அதைவிடச் சற்றுக் குறைத்துப் பதில் சொன்னால் சில நொடிகள் போகும். கூட்டிச் சொன்னால் ஆளே போய்விடுவார்.

நான் என் வசதிக்காக இப்படி ஒரு தத்துவம் கட்டிக்கொள்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் மங்கலம்பேட்டைக்குப் போய் ஜமால் பாயைப் பார்த்தேன். கப்பல்களில் வானொலி அதிகாரியாக உலகத்தைச் சுற்றிவிட்டு வந்து, இப்போது கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் மனிதர். அவர் விரலுக்கு முப்பது என்பது நடைப்பயிற்சி மாதிரி. என்னைக் கண்டாலே வம்புக்கு இழுப்பார். அன்றும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க சார். நேத்து சாயந்திரம் உங்கள கேட்டேன். அது மோர்ஸா, மெகா சீரியலா? ஒரு எழுத்து முடியறதுக்குள்ள வெளம்பரம் வந்துடுது."

நான் உன் அட்டவணையை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருவத்தெட்டு நல்ல வேகம்தான் சார். பாப்பா கெட்டிக்காரி."

"அப்ப நான் உக்காரக் கூடாதுங்கறீங்களா?"

"அத யாரு சொன்னா? கப்பல்ல எங்களுக்கு ஒரு விதி இருந்துச்சு. கப்பல் முழுவுது, வந்து காப்பாத்துங்கன்னு கூப்புடறப்ப பதினாறுக்கு மேல போவக் கூடாது. கேக்கறவன் பதட்டத்துல இருப்பான். ஒரு எழுத்த உட்டுட்டான்னா கப்பல் எங்க கெடக்குதுன்னே தெரியாம பூடும். முழுவறவனே பதினாறுல நிதானமா அனுப்பறான். உங்க பாப்பா மாடியில ஃபேன் காத்துல ஒக்காந்துகிட்டு எங்க சார் ஓடுது?"

நான் சிரித்துவிட்டேன். அவர் விடவில்லை. "ஆனா ஒண்ணு சார். எதிர்ல ஆளு வரிச கட்டி நிக்கறப்பவும் நீங்க பதினாறுலயே நின்னீங்கன்னா, ஒலகம் பூரா உங்கள அடிக்க வரும். நான்தான் மொதல்ல வருவேன்."

அவர் பின்னால் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். சனிக்கிழமை காலையில் கூட்டம் மொய்க்கும்போது நீங்கள் இருபத்தெட்டிலோ முப்பதிலோ பறந்துகொள்ளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். டீ கூடக் கொண்டுவந்து தருவேன். 'எல்லா நேரமும்' என்று நீ போட்ட அந்த இரண்டு சொற்களோடுதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால், நீ பெரிய நிலையங்களைப் பார்த்து நம் நிலையத்தின் வேகத்தை வைத்திருக்கிறாய். அவர்களுக்கு வானுயரக் கோபுரமும் திசை திருப்பும் ஆண்டெனாவும் இருக்கின்றன. நம்முடையது மாடிக் குழாய்க் கம்பத்துக்கும் பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. அதன் இரு முனையிலும் தொங்கும் முட்டை வடிவப் பீங்கான்கள் நம் தொழிற்பேட்டையில் சுட்டவை. மெருகு திட்டுத் திட்டாக ஏறியிருக்கிறதென்று ஒதுக்கியவற்றில் நான் விரலால் தட்டி, ஓசை பார்த்துப் பொறுக்கி வந்தவை. அந்தக் கம்பியிலிருந்து கிளம்பும் ஒலி ஐரோப்பா போய்ச் சேரும்போது நூல் மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்குச் சூரியனும் இந்த வருடங்களில் உறங்குகிறது. அதன் முகத்தில் புள்ளிகள் குறைந்தால் வானம் நம் ஒலியைத் திருப்பியனுப்புவதும் குறையும். மெலிந்த ஒலி அலை அலையாக ஏறி இறங்கிக் கேட்கும். அந்த இறக்கத்தில் இருபத்தெட்டு வேகத்துக் குட்டை ஒலி ஒன்று விழுந்து மறைந்தால் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிவிடும். பதினாறில் அதே குட்டை ஒலிக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பு இருக்கிறது. பிழைத்துக்கொள்ளும். சூளையில் நான் பார்த்ததும் இதுதான். மெல்லிய பொம்மைக்கு ஒரு வேகத்தில் சூடு ஏற்ற வேண்டும். தடித்த ஃபியூஸ் கட்டைக்கு வேறு வேகம். பெரிய தொழிற்சாலைக்காரன் எப்படி எரிக்கிறான் என்று பார்த்துச் சின்னச் சூளைக்காரன் எரித்தால், கதவைத் திறக்கும்போது விரிசலைத்தான் அள்ளுவான்.

மூன்றாவது விஷயத்துக்கு நீயே சாட்சி. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த சாட்சி. போன வருடப் போட்டிக்கு நீ மட்டும் வந்திருந்தாய். சனிக்கிழமை உன் கையைப் பார்த்து நான் அசந்துபோனேன். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ அழைத்துக்கொண்டே இருந்தாய், அந்த அலைவரிசை முழுக்கப் பதில் இல்லை. "பேண்டு செத்துப்போச்சுப்பா. ஒரு ஈ காக்கா இல்ல" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாய். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கலாம் என்றுதான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சபலம் தட்டியது. கணினியைத் தள்ளிவைத்துவிட்டு என் பழைய கீயை எடுத்து, பதினாறில், கையால் அழைத்தேன்.

உடனே யாரும் வந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜப்பானிலிருந்து ஒருவர், மூடிய கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நிற்கிறவர் மாதிரி, தன் குறியை ஒரே ஒரு தடவை அனுப்பினார். முடித்தேன். அடுத்து உக்ரைன். அவரை விடுவதற்குள் இன்னொருவர். அந்தப் பிற்பகல் முழுக்க ஓயாமல் வந்தார்கள். ஜெயிக்க வந்தவர்கள் இல்லை அவர்கள். இரண்டு நாளும் ஓரமாக நின்று மற்றவர்கள் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். தங்கள் காதுக்கு எட்டும் வேகத்தில் யாராவது ஒருவர் அழைக்கமாட்டாரா என்று காத்திருந்தவர்கள். வேகமானவர்கள் சனிக்கிழமையே ஒருவரை ஒருவர் பிடித்து முடித்துவிடுகிறார்கள். ஞாயிறு பிற்பகல் மீதமிருப்பவர்கள் இவர்கள்தான். என் இனத்தார். எனக்கு அவர்களை முகம் தெரியாமலே தெரியும்.

தலையணை மடிப்பு பதிந்த கன்னத்தோடு நீ மாடியேறி வந்தாய். "யப்பா, யாருப்பா இவங்கள்லாம்? பேண்டு தொறந்துடுச்சா?"

"பேண்டு அப்புடியேதாம்மா இருக்குது."

"எழுந்திரிங்க, எழுந்திரிங்க. நான் உக்காறேன்."

எழுந்துகொண்டேன். நீ கணினியை இழுத்து இருபத்தெட்டில் வைத்தாய். எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். ஒரு கேள்விக்குறி அனுப்பினார். நீ அதே வேகத்தில் திருப்பி அனுப்பினாய். அவர் போய்விட்டார். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. "ஒங்களுக்கு லக்குப்பா" என்றாய். அன்றைக்கும் நான் "சரிம்மா" என்றேன். இன்றைக்குச் சொல்கிறேன்: அது லக்கு இல்லை. எந்த நேரத்தில் யார் காத்திருப்பார்கள் என்று தெரிந்து, அவர்களுக்கு ஏற்ற வேகத்தில் கூப்பிட்டேன். உன் அட்டவணையில் ஞாயிறு பிற்பகல் கட்டத்தில் வேறொரு பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு.

என் கையைப் பற்றியும் பேசிவிடலாம். நீ சொல்வதற்கு முன்பே எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு. டீ டம்ளர் சாஸரில் உரசும் சத்தத்தை முதலில் கேட்டவன் நான்தான். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தைரியம். மாடி முகப்பில் உன் அம்மாவை உட்கார வைத்து, தெருவில் போகிற வண்டிகளின் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டே படிக்கச் சொன்னேன். அடையாளக்குறி மாதிரியே எழுத்தும் எண்ணும் கலந்து வரும், நானும் முன்கூட்டியே யூகிக்க முடியாது என்பதற்காக. அவள் படிக்கப் படிக்க நான் கீயில் வெவ்வேறு வேகங்களில் அனுப்பினேன். கீயின் ஒலி மட்டும் பதியும்படி வயரால் இணைத்த டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாங்க இது, போலீஸ்காரன் பொண்டாட்டி மாதிரி என்ன வண்டி நம்பர் படிக்க வெச்சிருக்கீங்க? எதுத்த வூட்டுல எட்டி எட்டிப் பாக்குறாங்க."

"கொஞ்சம் சத்தமா படி. இரைச்சல் அதிகமா இருக்குது."

"சத்தமா வேறயா? நாளைக்கு அந்த வண்டிக்காரன் வூட்டுக்கு வந்து கேப்பான், நீங்களே பதில் சொல்லிக்குங்க."

எண்களெல்லாம் மறந்துபோகட்டும் என்று சில நாள் விட்டு, அந்த டேப்பைப் போட்டுக் கேட்டு எழுதினேன். இருபத்திரண்டில் அனுப்பியது எனக்கே அன்னியமாக இருந்தது. மூன்று குட்டை ஒலி வேண்டிய இடத்தில் நான்கு விழுந்திருந்தது. நீ சொன்னது நியாயம்தான். பதினெட்டில் அங்கங்கே இடறல். பதினாறில் ஒரு பிழை இல்லை. நம்பாமல் ஜமால் பாயிடமும் டேப்பைக் கொடுத்தேன். அவரும் பதினாறில் அனுப்பியதை முழுக்கச் சரியாக எழுதிக்கொண்டு வந்தார். "ரெண்டு ஆட்டோ, ஒரு டிராக்டர். சரியா சார்?" என்று, அவை வண்டி எண்கள் என்று கண்டுகொண்டு கேலி செய்தார். பாப்பா, நடுங்குகிற கைக்கும் சுத்தமாக வரும் ஒரு வேகம் இருக்கிறது. உன் கணினி பிசிறில்லாமல் அனுப்பும். ஆனால் எதிரே ஒருவர் தயங்கிக் கேள்விக்குறி போடும்போது அதற்கு ஒன்றும் தோன்றாது. எனக்குத் தோன்றும். தன் வேகம் எதுவென்று சோதித்து அறிந்து அதிலேயே நிற்கிறவனை, எழுந்திரு என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை. அது என் மாடி, என் கம்பி, என் கீ என்பதையெல்லாம் நான் சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஐந்தாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் வரிசையில் போட்டாயிற்று. போன வருடம் நீ ஊருக்குக் கிளம்பும் முன் என் கீயைக் கொடுத்து, ஒரு தடவை பதினாறில் அனுப்பிக் காட்டு என்று கேட்டேன். நினைவிருக்கும். கை முந்திக்கொண்டு ஓடியது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், நம் ஜங்ஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி தடதடவென்று போய்விட்டது. "மெதுவா அனுப்பவே வரலப்பா. மெதுவா போனா என் கையும்தான் நடுங்குது" என்று நீயே சொன்னாய். அதை நான் இந்த ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மண் ஈரமாக இருக்கும்வரை எந்த வடிவத்துக்கும் வரும். சூளையில் ஒரு தடவை சுட்டுவிட்டால், இடித்துப் பொடியாக்கித் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாலும் பழைய களிமண் ஆகாது. வேகத்தில் வெந்த கையும் அப்படித்தான். கை மட்டுமில்லை. தொலைபேசியில் உன் அம்மா ஏதோ ஒன்றை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள்; "சீக்கிரம் சொல்லும்மா" என்று நீ சொல்வது பக்கத்தில் நிற்கும் எனக்குக் கேட்கும். அவள் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வாள். நாங்கள் இருவரும் இனி மெதுவாகிக்கொண்டேதான் போவோம். நிற்கத் தெரியாத கை எங்களுக்கு எப்படிப் பதில் சொல்லும்? இதை எழுதியது கடுமைதான். ஆனாலும் இந்த வரிகளை அடிக்கமாட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "அஞ்சாவது வேணாங்க. புள்ள மனசு ஒடஞ்சிடும்." எழுதியது எழுதியதுதான் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் இப்படிப் பேசியதில்லை. ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை என்பதால் கடிதம் மேசைமேல் கிடந்தது.

அந்த ஞாயிறு நேற்று. காலையில் வழக்கம்போல மின்சாரம் போயிற்று. ஊரே மின்வெட்டைத் திட்டும்போது நான் மட்டும் மாடிக்கு ஓடுவேன் என்பது உனக்குத் தெரியும். மாவு மில், டியூப் லைட், பக்கத்து வீட்டு கிரைண்டர் எல்லாம் ஒரே நொடியில் அடங்கினால், நம் பெட்டியின் இரைச்சலும் அடங்கி, எங்கோ மூலையில் இருப்பவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். பேட்டரியில் போட்டேன். பெங்களூரில் உங்கள் வானொலிச் சங்கம் நடத்தும் சின்னப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. காலை முறை உன்னுடையது என்று முன்பே சொல்லியிருந்தாய்; சங்கத்தின் குறியோடு நீ அழைத்துக்கொண்டிருந்தாய். பெங்களூர் அந்த நேரத்தில் நமக்குப் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கும். இருபத்தெட்டு, கணினி, ஒரு பிசிறில்லை. ஒருவர் பின் ஒருவராக முடித்துக்கொண்டே போனாய். நான் அழைக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நடுவில் ஒருவன் வந்தான். மெலிந்த ஒலி. முதல் போட்டியாக இருக்க வேண்டும். குட்டை ஒலி ஒன்று நீளும், நெட்டை ஒலி ஒன்று குறுகும், தன் குறியையே பாதியில் தப்பாக்கி மறுபடி ஆரம்பித்தான். அவன் தலைமேல் ஏறிக்கொண்டு வேகமான இரண்டு பேர் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ அவர்களை எடுத்துக்கொண்டு போய்விடுவாய், என் ஐந்தாவது விஷயத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும் என்று, வெட்கத்தோடு சொல்கிறேன், ஓர் ஆவலோடுதான் நான் காத்திருந்தேன்.

நீ ஒரு கணம் ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு ஒலி மாறியது. கணினியின் வழவழப்பு போய்விட்டது. அது ஒரு கை. கடைசி நெட்டை ஒலியை மயிரிழை கூடுதலாக இழுக்கும் உன் கை. நீ அவனுடைய குறியில் விளங்கிய முதல் பாதியை அனுப்பி, மீதிக்காகக் காத்திருந்தாய். பதினாறில். அந்த வேகத்தை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். விரிசலில்லாத பீங்கானைத் தட்டினால் வரும் ஓசை மாதிரி எனக்கு அது தெரியும். அவனுக்கு அதுவும் விளங்கவில்லை. கேள்விக்குறி போட்டான். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நீ இன்னும் இறங்கினாய். என்னையும் விட மெதுவாக, ஓர் எழுத்து, ஓர் இடைவெளி, ஓர் எழுத்து. ஒன்றுகூட நடுங்கவில்லை. வேகக்காரர்கள் மறுபடி குறுக்கே விழுந்தார்கள். அவர்களுக்கு 'பொறுங்கள்' என்று ஒரு சொல்லைச் சுருக்கென்று போட்டுவிட்டு மறுபடி அவனிடம் அதே நிதானத்தில் வந்தாய். அவன் எண்ணைச் சொன்னான். தப்பாகச் சொல்லித் திருத்தினான். நீ காத்திருந்து வாங்கிக்கொண்டாய். கடைசியில் நன்றி கூடச் சொன்னாய்.

உன் அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். "பாப்பா பேசுதா?"

"பேசுது."

"என்னா சொல்லுது?"

"யாரோ ஒரு புதுப் பையனுக்கு நம்பர் குடுக்குது."

"இவ்ளோ நேரமாவா?"

"ஆமா. இவ்ளோ நேரமா."

அதற்குள் நீ இருபத்தெட்டுக்குத் திரும்பியிருந்தாய். எங்கே பழகினாய், யாரிடம் பழகினாய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. இப்படி இறங்கத் தெரிந்தவள் அட்டவணையில் மட்டும் 'எல்லா நேரமும்' என்று எதற்குத் தடித்த எழுத்தில் போட்டாய் என்பதையும் வந்து விளக்கு. முதல் நான்கில் ஓர் எழுத்தையும் நான் மாற்றப்போவதில்லை. ஞாயிறு பிற்பகல் அந்த நாற்காலியில் நான் உட்காருவேன், கையால், பதினாறில். டீயை உன் நண்பர்களில் யாராவது போடட்டும். உன் அம்மாவும் அந்த நேரத்தில் மாடியில் இருப்பேன் என்கிறாள்.

ஐந்தாவது தவறு. அடிக்கமாட்டேன் என்று எழுதிவிட்டதால் நான் அடிக்கவில்லை. நீ உன் பேனாவால் அடித்துக்கொள். சுட்ட மண்ணைப் பற்றி எனக்குத் தெரியும். உன் கையைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்பா